அரிமா காருக்கு ஒரு கதவுப் பிடி

கேள்வி: ஐயா, நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வயது 27. ‘அரிமா மோட்டார்ஸ்’ என்று ஒரு கற்பனைக் கார் நிறுவனத்தை உருவாக்கி, அதன் வரலாற்றைப் படங்களோடு ஒரு புத்தகமாக்கி வருகிறேன். 1938இல் டர்பனில் ஒரு தமிழர் அதைத் தொடங்குகிறார். 1955இல் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் வெற்றி. 1965இல் புகழ்பெற்ற தொலைக்காட்சி விளம்பரம். 1974இல் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கார். இன்று மின்சாரக் கார்களை உலகெங்கும் விற்கும் நிறுவனம். சின்னம், கர்ஜிக்கும் சிங்கம். இதுவரை 22 மாடல்களை வரைந்துவிட்டேன். பார்ப்பவர்கள் எல்லாம் படம் அழகு என்கிறார்கள். ஒருவர்கூடக் கதையை நம்பவில்லை. ‘பொய் வாசனை அடிக்கிறது அக்கா’ என்கிறான் என் தம்பி. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: அம்மா, உங்கள் தம்பிக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது. அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அவரிடம் ஒரு வேலை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய வரைபடங்களை மேசைமேல் பரப்பி வைத்து இரண்டு இரவுகள் பார்த்தேன். கை தேர்ந்த கை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு கார் நிறுவனத்தின் வரலாறு அல்ல, அதன் விளம்பரத் துறை பொன்விழா மலரில் போட்டுக்கொள்ளும் பக்கம். எல்லா ஆண்டும் ஏறுமுகம், எல்லாக் காரும் வெற்றி. நான் டர்பனுக்குத் தெற்கே ஒரு கார் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உதிரிபாகப் பட்டியல் தயாரித்தவன். விழா மலரைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும். உதிரிபாகப் பட்டியலைக் கொடுத்தால் விடிய விடியப் படிப்பேன், ஏனென்றால் நிறுவனம் எங்கே தடுக்கி விழுந்தது, யாரிடம் கடன் வைத்தது, எதை மறைத்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்கு வருகிறேன். முதலில் ஆண்டுகளைச் சரிபார்த்துவிடுவோம்.

தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரியில். 1965இல் உங்கள் விளம்பரத்தைப் பார்க்க இந்த நாட்டில் பெட்டியே இல்லை. அந்த ஆண்டு காரை விற்க வேண்டுமென்றால் 1950இல் தொடங்கிய ஸ்பிரிங்பாக் ரேடியோ இருக்கிறது; இல்லையென்றால் சினிமா இடைவேளையில் திரையில் காட்டும் விளம்பர ஸ்லைடு. எனக்கு ஸ்லைடுதான் பிடிக்கிறது. நீங்கள் ஓவியர், அதை வரையலாம். ஓர் ஓரத்தில் கண்ணாடி கீறியிருக்கட்டும். விலை போடுவதாக இருந்தால் ரேண்டில் போடுங்கள். 1961 பிப்ரவரி 14 முதல் பவுண்டு போய் ரேண்டு வந்துவிட்டது, ஒரு பவுண்டுக்கு இரண்டு ரேண்டு. அதற்கு முந்தைய கார்களுக்கெல்லாம் பவுண்டு, ஷில்லிங்.

1955 லெ மான்? அது பந்தய உலகம் மறக்க விரும்பும் ஆண்டு. ஒரு மெர்சிடிஸ் கார் தூக்கியெறியப்பட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெர்சிடிஸ் அணி நள்ளிரவுக்குப் பிறகு பந்தயத்தை விட்டே விலகியது. வென்றது ஜாகுவார். அந்த வெற்றியை எடுத்து உங்கள் நிறுவனத்தின் தலையில் கிரீடமாக வைத்தால், விவரம் தெரிந்த வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். பொதுவாகச் சொல்கிறேன்: உலகம் பார்த்துக்கொண்டிருந்த மேடையில் உங்கள் கற்பனையை ஏற்றாதீர்கள், அங்கே நாற்காலி எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. யாரும் கணக்கு வைத்திராத ஒரு மலைச்சாலையில் ஏற்றுங்கள்.

அப்படி ஒரு சாலை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போவது என்றால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் ஏற வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் சாதாரண பெட்ரோல் எஞ்சினின் சக்தியில் ஏறத்தாழ ஒரு சதவீதம் கரையும், காற்று மெலிந்துவிடுவதால். மேலே போய்ச் சேரும்போது ஆறில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தெளிக்கும் ஜெட் கடலோரத்துக்கு ஓர் அளவு, மேட்டுநிலத்துக்கு வேறொரு சிறிய அளவு. எங்கள் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். இந்த ஏற்றத்தில் உங்கள் ஊர் டவுன் ஹில் (Town Hill) மலைச்சாலையும் வருகிறது. பழைய லாரிகள் அங்கே ஆவி கக்கிக்கொண்டு ஓரம் கட்டி நிற்பதை உங்கள் தாத்தா தலைமுறையைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

இப்போது உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். அரிமா காரின் முகப்பில் அகலமான, தாழ்ந்த ஒரு வாய் வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டால் ‘சிங்கத்தின் வாய்’ என்பீர்கள். அது பதில் ஆகாது. நிறுவனரின் முதல் வண்டி டவுன் ஹில்லில் மூன்று முறை கொதித்து நின்றது, பெரிய ரேடியேட்டர் வைத்தார், நின்றவாக்கில் பானெட்டுக்குள் அடங்கவில்லை, படுத்தவாக்கில் அகலமானதை வைத்தார், முகப்பு விரிந்தது. அடுத்த காரில் எஞ்சின் மாறிவிட்டது, அவ்வளவு பெரிய ரேடியேட்டர் தேவையே இல்லை. ஆனால் அதற்குள் ஜனங்கள் தூரத்திலிருந்தே அந்த வாயைப் பார்த்து வண்டியை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டார்கள், அதனால் வாய் அப்படியே நின்றுவிட்டது. அடையாளம் என்பது பெரும்பாலும் இப்படித்தான், தேவை போன பிறகும் போகாமல் தங்கிவிடுகிற ஒன்று. 22 மாடல்களிலும் உள்ள ஒவ்வொரு வளைவுக்கும் இப்படி ஒரு கொதித்த ரேடியேட்டரைக் கண்டுபிடியுங்கள். கிடைக்காத வளைவை அழித்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு வருவோம். 1938இல் டர்பனில் ஒரு தமிழர் கார் தொழிற்சாலை தொடங்குகிறார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எதை வைத்து? தகட்டை அழுத்திக் கதவும் கூரையும் செய்ய ராட்சத அழுத்த இயந்திரம் வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் எஃகு அச்சு வேண்டும். ஓர் அச்சின் விலைக்கு அன்றைக்கு ஒரு கரும்புத் தோட்டமே வாங்கியிருக்கலாம் என்று எங்கள் தொழிற்சாலையில் கிழவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஃபோர்டு 1924 முதலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1926 முதலும் போர்ட் எலிசபெத்தில் வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தன, அவர்களே பாகங்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் இறக்கித்தான் பூட்டினார்கள்.

உலகத்தில் கார் நிறுவனங்கள் காரில் தொடங்குவது அபூர்வம். பியூஜோ குடும்பம் ரம்பமும் காப்பி அரைக்கும் கருவியும் செய்தது. டொயோட்டாவும் சுசுகியும் தறியில் தொடங்கின. மஸ்டா கார்க் செய்தது. ஸ்கோடாவுக்கு மூலம் 1895இல் இருவர் திறந்த மிதிவண்டிக் கடை. ஜாகுவார் 1922இல் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி கட்டிய பட்டறை. அப்படியானால் 1938இல் டர்பனில் இருந்த ஒரு தமிழர் எதில் தொடங்கியிருப்பார்? பஸ்! நம் ஆட்கள் அந்த நாட்களில் நடத்திய மோட்டார் தொழில் அதுதான். லாரி சேஸிஸ் ஒன்றை வாங்கி, அதன்மேல் தச்சர்களை வைத்துக் கூண்டு கட்டி, கிரே தெரு சந்தைப் பக்கத்திலிருந்து ஓட்டினார்கள். ஆகவே அரிமாவின் நிறுவனர் கார்க்காரர் அல்ல, கூண்டு கட்டுகிறவர். தச்சுப் பட்டறை. மரச்சட்டம், மேலே தகடு, உள்ளே மரப்பலகை இருக்கை. முதல் இருபது ஆண்டுகள் அவர் ஒரு காரும் செய்யவில்லை. 22 மாடல்களில் முதல் எட்டைத் தயவுதாட்சணியமில்லாமல் கிழித்துப் போடுங்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு பஸ்ஸை வரையுங்கள். புது வண்டிக்குப் பூசை போட்ட காலையில் வரையுங்கள்: நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம், முகப்பில் மஞ்சள் குங்குமம், வேப்பிலை கிடைக்காததால் சிரிங்கா மரத்து இலைக்கொத்து. நம்மவர் இந்த மண்ணில் வேப்பிலைக்குப் பதில் சிரிங்காவைக் கட்டிச் சமாளித்தார்கள் அல்லவா? அந்தக் கொத்தை முகப்பில் கட்ட ஒரு கொக்கி வேண்டும். கொக்கிக்கு ஒரு தகடு வேண்டும். பிற்காலத்தில் அந்தத் தகடு இருந்த இடத்தில்தான் உங்கள் சின்னம் உட்கார வேண்டும். சின்னத்தின் வடிவம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை, இலையின் வடிவம் உங்களுக்கே தெரியும்.

சிங்கம் வேண்டாம். பியூஜோவிடம் சிங்கம், ஆஸ்திரேலியாவில் இருந்த ஹோல்டனிடம் சிங்கம், ஜெர்மனியின் எம்ஏஎன் (MAN) லாரியிலும் சிங்கம். காடு நிறைந்துவிட்டது. ‘அரிமா’ என்ற பெயரும் எனக்குச் சந்தேகம்தான். அது புத்தகத் தமிழ். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பேரன் ஒருவன் 1938இல் தன் பட்டறைக்கு அந்தப் பெயரை வைத்திருப்பானா? தாயின் பெயரை வைப்பான், குலசாமியின் பெயரை வைப்பான், தோட்டத்தின் பெயரை வைப்பான். வைத்த பிறகு அதைப் பதிவு செய்யப் போவான், அங்கே ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும், முதலியார் ‘மூட்லி’ ஆனதும் அப்படித்தானே? நம் குடும்பப் பெயர்களே எழுத்துப் பிழைகள், ஒரு கார் மட்டும் பிழையில்லாமல் பிறந்துவிடுமா. உங்கள் நிறுவனத்தின் பெயர் ஒரு குமாஸ்தாவின் பேனா வழியாக வந்ததாக இருக்கட்டும். பெயரை மாற்றவே மனமில்லை என்றால், பின்னால் வந்த படித்த மகன் அதை அரிமா என்று திருத்தினான், கிழவர் கடைசிவரை பழைய பெயரையே சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே அரை அத்தியாயம் இருக்கிறது.

பெயர் மாற்றம் கார் உலகில் சாதாரணம். ஆகுஸ்ட் ஹோர்க் தான் தொடங்கிய நிறுவனத்தை விட்டு 1909இல் வெளியேறியபோது தன் சொந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் இழந்தார். ‘ஹோர்க்’ என்றால் ஜெர்மனில் ‘கேள்’. அதையே லத்தீனில் சொன்னார்கள்: ‘ஆடி’. ஜாகுவாரின் பழைய பெயர் எஸ்எஸ். ஹிட்லரின் படை ஒன்றுக்கும் அதே பெயர்; போர் முடிந்த 1945இல் அந்த இரண்டு எழுத்துகளை ஒரு காரின்மேல் யார் வைத்திருப்பார்கள்?

நிறுவனங்கள் தம் வரலாற்றைத் தாமே கொஞ்சம் புளுகவும் செய்யும், அதையும் விட்டுவிடாதீர்கள். பிஎம்டபிள்யூ சின்னம் சுழலும் விமான விசிறி என்று ஊரே நம்புகிறது. உண்மையில் அது பவேரியா மாநிலத்தின் நீலமும் வெள்ளையும். விசிறிக் கதையைக் கிளப்பியது 1929இல் வந்த அவர்களுடைய விளம்பரப் படம். செவ்ரோலே சின்னத்தைப் பாரிஸ் ஹோட்டல் சுவர்த்தாளில் கண்டேன் என்றார் அதன் நிறுவனர்களில் ஒருவரான டுராண்ட். இல்லை, செய்தித்தாள் விளம்பரத்தில் கண்டார் என்றார் மனைவி. இரவுச் சாப்பாட்டில் சூப்புக்கும் கோழி வறுவலுக்கும் நடுவே கிறுக்கினார் என்றார் மகள். ஒரு சின்னம், மூன்று கதை, ஒரே குடும்பம்! உங்கள் சின்னத்துக்கும் நிறுவனம் சொல்லும் பெருமைக் கதை ஒன்று, பட்டறைத் தச்சர் சொல்லும் கதை ஒன்று என இரண்டு வையுங்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்து நான் எழுதப்போவது உங்கள் புத்தகத்தில் அறவே இல்லாத விஷயம், சட்டம். இந்த நாட்டில் இந்தியர் ஒருவர் தொழில் நடத்தியதாக எழுதிவிட்டு நிலச் சட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தப் புத்தகம் வேறு ஏதோ நாட்டில் நடக்கிறது என்று பொருள். 1946இல் இந்தியர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். 1950இல் குழுப் பகுதிச் சட்டம். உங்கள் பட்டறை இருக்கும் தெரு ஒரு நாள் காலையில் வேறு இனத்தாருக்கென்று அறிவிக்கப்படலாம். டர்பனின் காட்டோ மேனரிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த் அப்படித்தான் நிரம்பியது. அரிமாவும் பெயர்க்கப்பட வேண்டும். பட்டறையைப் பிரித்து, லாரியில் ஏற்றி, வேறு இடத்தில் இறக்கும்போது சில வார்ப்பு அச்சுகள் உடையும், சில வரைபடங்கள் தொலையும்.

டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தையும் தாண்டிக் குதிக்காதீர்கள். இந்தியர் கடைகளும் வீடுகளும் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. ஆப்பிரிக்கப் பயணிகளுக்கு இந்திய பஸ் முதலாளிகள்மேல் மனக்குறைகள் இருந்ததும் அந்தக் கசப்பின் ஒரு பகுதி. உங்கள் நிறுவனர் பஸ்காரர் என்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு. நிறுவனத்தின் ஆண்டு விழாக் குழுப்படம் ஒன்று வரைந்திருக்கிறீர்கள். எல்லாரும் நம் முகம். பட்டறையில் தகடு தூக்கிய ஜூலுத் தொழிலாளிகள் எங்கே? அந்தக் காலப் படங்களில் அவர்கள் ஓரத்தில் நிற்பார்கள், கீழே பெயர் இருக்காது. அப்படியே வரையுங்கள், பெயரில்லாமல். பார்ப்பவருக்கு உறுத்தட்டும்.

சட்டம் காரின் வடிவத்தையே மாற்றும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், இது எனக்கு இரவு மூன்று மணிக்குத் தோன்றி எழுந்து உட்கார்ந்து எழுதியது. பழைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் இந்தியர் குடியிருக்க 1891இலிருந்தே தடை, அது நீங்கியது 1980களில்தான். கடந்து போகலாம், தங்க முடியாது. டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் வழியாக ஜோகன்னஸ்பர்க் போனால் நடுவில் அந்த மாநிலம் வரும். இப்போது சொல்லுங்கள், ஒரு தமிழர் தன் ஜனங்களுக்காகக் கார் செய்தால் அதன் பெட்ரோல் டாங்க் எவ்வளவு பெரியதாக இருக்கும்? மாநிலத்துக்குள் எங்கும் நிற்காமல் தாண்டும் அளவுக்கு இருக்கும். டாங்க் பெரிதானால் டிக்கி சுருங்கும். டிக்கி சுருங்கினால் சாப்பாட்டுக் கூடைக்குப் பின்னிருக்கைக்கடியில் ஒரு இழுப்பறை வரும். ஓட்டுநர் சாலையோரத்தில் கண்ணயர வேண்டியிருந்தால் முன்னிருக்கை முழுதாகச் சாய வேண்டும். விளம்பரத்தில் ‘நெடுந்தூரப் பயணத்துக்கு உகந்தது’ என்று மட்டும் போடுவார்கள், வாங்குகிறவருக்குக் காரணம் தெரியும். உங்கள் 22 படங்களில் ஒன்றிலும் இல்லாத இந்தியக் கார் இதுதான்.

கார் எப்போது வருகிறது? 1958க்குப் பிறகு. அந்த ஆண்டு கேப் டவுனில் பாப் வான் நீக்கர்க், வில்லி மைஸ்னர் என்ற இரண்டு இளைஞர்கள் ஜிஎஸ்எம் டார்ட் என்ற சிறிய பந்தயக் காரைச் செய்யத் தொடங்கினார்கள். உடல் கண்ணாடியிழை, எஞ்சின் ஃபோர்டிலிருந்து. கண்ணாடியிழைக்கு அழுத்த இயந்திரம் வேண்டாம், எஃகு அச்சு வேண்டாம். ஒரு வார்ப்பு, பிசின், தூரிகை, பொறுமை, நல்ல காற்றோட்டம் இருந்தால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் அதற்கு முந்தைய ஆண்டே புரோட்டியா என்று ஒரு கார் இதே வழியில் வந்தது. டார்ட் இங்கிலாந்து வரை போய்ப் பெயர் வாங்கியது, 1960களின் நடுவில் கதை முடிந்தது. இரண்டு கடைகளும் மிகச் சிறியவை. உங்கள் அரிமாவும் அந்த அளவில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு பூச்சியத்தையல்ல, மூன்றை எடுங்கள்.

இதோடு ஒரு எதிர்க்கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் போர்ட் எலிசபெத்தில் ‘ரேஞ்சர்’ என்றொரு கார் பெயரை இறக்கியது. ‘தென்னாப்பிரிக்காவின் சொந்தக் கார்’ என்று விளம்பரம், சின்னத்தில் ஸ்பிரிங்பாக் மானின் தலை. கதவைத் தட்டிப் பார்த்தால் உடல் ஜெர்மனியின் ஓப்பல், முகப்பு மட்டும் இங்கிலாந்து வாக்ஸால் பக்கம். 1973க்குள் இங்கே கதை முடிந்தது. உங்களைப் போலவே அவர்களும் கற்பனைப் பிராண்டு செய்தவர்கள்தான், ஆனால் கோடிக்கணக்கான பணத்தோடு. ஒரு மானையும் ஒரு வாசகத்தையும் ஒட்டினார்கள், பழங்காலம் ஒன்றை ஒட்ட மறந்துவிட்டார்கள்.

வி8 பற்றி. நீங்கள் எழுதியதிலேயே நான் நம்பிய ஒரே ஆண்டு 1974. நீங்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல. 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியால் இங்கே வேக வரம்பை மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைத்தார்கள், வார இறுதியில் பெட்ரோல் விற்பனையையே நிறுத்தினார்கள். ஒரு புதுக் காரை முடிவு செய்து, வரைந்து, வார்த்து, ஓட்டிப் பார்க்க மூன்று ஆண்டாவது ஆகும். ஆக 1971இல் உற்சாகத்தோடு முடிவெடுத்த வி8, ஊரே எரிபொருளை எண்ணி எண்ணி ஊற்றும்போது கடைக்கு வருகிறது. வாங்க ஆள் இல்லை. மூத்த மகன் விழுந்த குழி இதுவாக இருக்கட்டும்.

அந்தக் குழியை இன்னும் ஆழமாக்க ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 1961இல் அரசு தொடங்கிய உள்நாட்டு உற்பத்தித் திட்டத்தில் ஒரு காரில் எத்தனை பங்கு உள்நாட்டுப் பொருள் என்பதை விலையால் அளக்கவில்லை, எடையால் அளந்தார்கள். 1971இல் தொடங்கிய கட்டத்தில் இலக்கு 66 சதவீதம், 1976 இறுதிக்குள். விலையால் அளக்கத் தொடங்கியது 1989இல்தான். இதனால் பெரிய நிறுவனங்கள் கனமான பாகங்களை முதலில் இங்கே செய்தன. லேசான, விலை உயர்ந்த நுட்பமான பாகங்கள் கப்பலிலேயே வந்துகொண்டிருந்தன. என் வேலையில் பாதி நாள் ஒரு தராசோடுதான் கழிந்தது என்று என் மனைவி கேலி செய்வாள்.

அரிமாவை அந்தத் தராசில் வையுங்கள். இங்கே செய்த உடல் கண்ணாடியிழை, பஞ்சு மாதிரி லேசு. வெளியிலிருந்து வாங்கிய வி8 வார்ப்பிரும்பு, பிணம் மாதிரி கனம். காரின் உழைப்பில் முக்கால் பங்கு டர்பன் தச்சர்களுடையது, எடையிலோ பாதிக்குமேல் அந்நியம். வரிச் சலுகை கிடைக்காது. என்ன செய்வார்கள்? உள்ளூர் இரும்பில் தேவைக்கு மூன்று மடங்கு கனமான பம்பர் வார்த்து முன்னும் பின்னும் மாட்டுவார்கள். கண்ணாடியிழைக் கார், இரும்பு பம்பர், வி8 எஞ்சின், 80 கிலோமீட்டர் வேக வரம்பு! கடைசி அரிமா இதுதான். அதற்குப் பிறகு மின்சாரக் காரும் வேண்டாம், உலக நிறுவனமும் வேண்டாம். வெருலம் பக்கம் ஒரு கொல்லையில் நிற்கட்டும். நம் கரையோர உப்புக்காற்றில் சேஸிஸ் தின்றுபோயிருக்கும், கண்ணாடியிழை மட்டும் துருப்பிடிக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும். கோழி அடைகாக்க நல்ல இடம்.

சட்ட விஷயம் ஒன்று, சுருக்கமாக. புத்தகத்தை அச்சிடுவதற்கு முன் பெயரையும் சின்னத்தையும் நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையத்தின் வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வாகனங்களுக்கு 12ஆம் வகுப்பு, அச்சிட்ட நூல்களுக்கு 16, பொம்மைகளுக்கு 28. பொம்மைக் காரும் விற்கும் எண்ணம் இருந்தால் மூன்றிலும் தேடுங்கள். ஏதாவது இடித்தால் வணிகச் சின்ன வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உண்மையான நிறுவனங்களை உங்கள் கதையில் எதிரியாகவோ திருடனாகவோ காட்டாதீர்கள். எஞ்சின் வாங்கியதாக எழுதினால் தப்பில்லை, ஏமாற்றியதாக எழுதினால் வம்பு.

இப்போது நான் முதலில் சொன்ன உதிரிபாகப் பட்டியல். உங்கள் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு தாள் வையுங்கள், பழுப்பேறிய தாள், ஓரத்தில் கிரீஸ் கைரேகை. முன் இடது கதவுப் பிடி. எங்கள் பட்டியல் இப்படித்தான் இருக்கும்:

சேஸிஸ் எண் 1 முதல் 118 வரை: பித்தளை, குரோம் பூச்சு. 119 முதல் 140 வரை: வேன் கதவுப் பிடி, பூச்சு இல்லை, தனிச் சாவி. 141 முதல்: துத்தநாக வார்ப்பு. முன் இரண்டு வகைகளும் இருப்பில் இல்லை, துத்தநாகப் பிடியைத் துளை பெரிதாக்கிப் பொருத்தவும்.

நான்கு வரி, அவ்வளவுதான். ஆனால் பட்டியல் படித்துப் பழகியவன் கண் 119இல் போய் நிற்கும். அந்த 22 கார்கள் ஏன் வேன் பிடியோடு வெளியே போயின? பட்டறையைப் பெயர்த்த வாரமா? குரோம் பூசிக் கொடுத்தவர் பாக்கி வராமல் கதவைச் சாத்திவிட்டாரா? மகனுக்கும் கிழவருக்கும் பேச்சு நின்றிருந்த காலமா? 22 குடும்பங்கள் புதுக் காரை வாங்கி, கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி என்று இரண்டைச் சேலை முந்தானையிலும் சட்டைப் பையிலும் சுமந்து திரிந்தார்களே, கோயில் வாசலில் எந்தச் சாவி எது என்று தெரியாமல் மழையில் நின்றார்களே, அவர்கள் அந்தக் காரை என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள்? உதிரிபாகம் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட கார்க்காரர்கள்தான். விற்பனை மேசைமேல் உடைந்த பிடியை வைத்துவிட்டுக் காரைத் திட்டத் தொடங்குவார்கள், பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதைப் புகழ்ந்துகொண்டிருப்பார்கள்.

சிறுவயதில் நாங்கள் கம்பியை வளைத்துக் கார் செய்வோம், பாலிஷ் டப்பா மூடிதான் சக்கரம். என் காரின் ஒரு பக்கக் கம்பி தீர்ந்துபோனதால் அந்தக் கதவு மட்டும் செம்புக் கம்பி. எழுபது வயதிலும் அந்தக் கார்தான் கண்முன் நிற்கிறது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

அடுத்த மாதத்துக்குள் அந்தத் தாளை எழுதி எனக்கு அனுப்புங்கள். 22 கார்களுக்கு என்ன ஆனது என்று நீங்கள் மட்டும் முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தில் எங்கும் எழுதாதீர்கள். பிறகு தாளை எடுத்துப் போய் உங்கள் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். ‘இந்த 119லேருந்து 140 வரைக்கும் என்ன ஆச்சு அக்கா?’ என்று அவர் கேட்டால், உடனே எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.